எழுத்து இல்லாத கலியாணம்

நான் சட்டத்தரணி இல்லை. இதை எத்தனை தரம் சொன்னாலும் எங்கள் சனத்துக்கு ஏறாது. நீதிமன்றங்களிலும் சட்டத்தரணிகளின் அலுவலகங்களிலும் மொழிபெயர்ப்பது என் வேலை. ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும், தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆனால் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனால் போதும், றோல்ஸ் தட்டோடு யாராவது பக்கத்துக் கதிரையில் வந்து உட்காருவார்கள்.

"அக்கா, எங்கடை பேஸ்மென்ரிலை வாடகைக்கு இருக்கிறவன் எழும்பிப் போறான் இல்லை. பூட்டை மாத்தினால் பிழையோ?"

பிழைதான் என்பேன்.

"அப்ப ஹீற்றரை நிப்பாட்டினால்?"

அது இன்னும் பெரிய பிழை என்று சொன்னால், நான் அவருக்கு எதிர்ப்பக்கம் போய்விட்ட மாதிரிப் பார்ப்பார். மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது ஒரு அன்ரி வந்து, பக்கத்து வீட்டு மரத்தின் கொப்பு தன் கூரைக்கு மேலே வருகிறது, வெட்டலாமா என்று கேட்பார். செத்தவீட்டில், பெட்டி மூடுவதற்கு முன்பே, காருக்கு யார் இனி இன்சூரன்ஸ் கட்டுவது என்று கேட்டவரும் இருக்கிறார். லோயரிடம் கேளுங்கோ என்றால், "அவங்கள் வாய் திறக்கக் காசு. நீங்கள் சும்மா சொல்லுங்கோவன்" என்பார்கள். எனக்குச் சில வேளை சிரிப்பு வரும், பல வேளை எரிச்சல் வரும்.

இத்தனை கேள்விகளுக்குள் ஒன்றை மட்டும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் கலியாணம் கலியாணம்தானா என்ற கேள்வி. கட்டினவளுக்கு அதில் என்ன சந்தேகம் வரப்போகிறது?

அந்தப் பெண்ணுக்கும் வரவில்லை. வழக்குப் போட்ட பிறகுதான் வந்தது.

ஸ்காபரோவில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் அவரை முதலில் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய, மெலிந்த பெண். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. அன்றும் வேலை முடித்து நேரே வந்திருந்தார், கையில் வெங்காய மணம் இருந்தது. புருசன் அந்தத் தை மாதம் வீட்டு வாசலில் ஸ்னோ தள்ளிக்கொண்டு நின்றவர், தள்ளினபடியே விழுந்துவிட்டார். நெஞ்சு. ஆம்புலன்ஸ் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளைகள் இல்லை. உயிலும் இல்லை. உயில் எழுதினால் சாவை வெத்திலை வைத்துக் கூப்பிடுகிற மாதிரி என்று அவர் நினைத்திருந்தாராம். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இருந்த வீடு அவர் பெயரில். கலியாணத்துக்கு முன்பே வாங்கினது. டோர்செட் பார்க்குக்குக் கிட்ட, வரிசையாக ஒட்டிக் கட்டின சின்ன வீடுகளில் ஒன்று. விட்பியில் இருக்கிற அவருடைய தம்பி இப்போது அந்த வீட்டைக் கேட்கிறார். தாய் தகப்பன் இல்லை, மனைவி இல்லை, பிள்ளை இல்லை, எனவே சட்டப்படி வாரிசு நான் என்கிறார்.

"மனைவி இல்லையெண்டால் அப்ப நான் ஆர்?" என்று அந்தப் பெண் கேட்டார். அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

வேலை பழகும்போது எங்களுக்கு முதலில் சொல்லித்தரும் விதி இது. அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். 'அவ சொல்லுறா' என்று தொடங்கக் கூடாது. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, அழுதால் சேர்ந்து அழக் கூடாது. அதனால் அன்று அந்தச் சின்ன அறையில், என் புருசன் உயிரோடு வீட்டில் இருந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்க, அப்படியென்றால் நான் யார் என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

சட்டத்தரணி இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. கெட்டிக்காரி. தமிழ் ஓரளவு விளங்கும், ஆனால் சட்டத்தைத் தமிழில் சொல்லத் தெரியாது, அதற்குத்தான் நான். அவர் கேட்டுக் கேட்டு எடுத்த கதை இதுதான்.

எங்கள் யாழ்ப்பாணத்துக் கலியாணம் இரண்டு துண்டு. தாலி கட்டுவது ஒன்று. பதிவுகாரரை வைத்துக் கையெழுத்துப் போடுவது இன்னொன்று, அதற்கு எழுத்து என்று பெயர். சிலர் எழுத்தை முதலே முடித்துவிடுவார்கள், சிலர் தாலிக்குப் பிறகு வேறொரு நாளில் வைப்பார்கள். எழுத்து வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் வந்த பழக்கம். எங்கள் சனத்தைப் பொறுத்தவரை தாலிதான் கலியாணம், எழுத்து அரசாங்கத்துக்குக் காட்ட. ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டமும் அதே வெள்ளைக்காரனின் வழியில் வந்ததுதான், ஆனால் இங்கே தலைகீழ். முதலில் எடுக்கிற கலியாண லைசென்ஸும், அதிகாரம் உள்ள ஒருவர் முன்னால் போடுகிற கையெழுத்தும்தான் கலியாணம். மற்றதெல்லாம் விருந்து.

இவர்கள் இருவரும் சேர்ந்து போய் லைசென்ஸ் எடுத்திருக்கிறார்கள். நல்ல முகூர்த்தத்தில் மண்டபத்தில் தாலி கட்டினார்கள். ஐயர் ஊரிலிருந்து வந்து நின்றவர், இங்கே பதியும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதனால் எழுத்தை அடுத்த கிழமை வீட்டோடு வைப்போம் என்று இன்னொருவரை ஒழுங்குசெய்திருந்தார்கள். அந்தக் கிழமைக்குள் ஊரில் மாப்பிள்ளையின் தாய் செத்துப்போனார்.

துடக்கு. சாவுத் தீட்டோடு நல்ல காரியம் செய்யக் கூடாது. துடக்குக் கழிந்தாலும் தாய் செத்த வருசம், ஆண்டு முடிவில் வருகிற ஆட்டைத் திவசம் முடியட்டும் என்றார்கள். அதற்குள் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது. வருசம் திரும்பியபோது, ஊரறியக் குடும்பம் நடத்துகிற இரண்டு பேருக்கு இனி என்ன எழுத்து என்று விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் கதை. ஏமாற்று இல்லை, கள்ளம் இல்லை. ஒரு செத்தவீடு.

"துடக்கோடை எழுத்து வேண்டாம் எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டது நான் இல்லை, சட்டத்தரணி. நான் தமிழில் சொன்னேன்.

அந்தப் பெண் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பிதான் போன் பண்ணினவர். அம்மாவின்ரை சாம்பல் கூட ஆறேல்லை, அதுக்குள்ளை கையெழுத்து என்ன வேண்டிக்கிடக்கு எண்டு அண்ணையோடை கோவிச்சவர். அவருக்கும் தாய்தானே. அவர் சொன்னதிலை பிழை இல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுத வேண்டாம் என்றவரும் அவர், எழுதவில்லையே என்று வழக்குப் போட்டவரும் அவர். ஆனால் என் வாய் மற்றவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்த வாய். அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

சட்டத்தரணி பிறகு மெதுவாக விளக்கினார். பதியாமல் எவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்தாலும், உயில் இல்லாத சொத்தில் இங்கே மனைவிக்குரிய பங்கு வராது. ஊரில் தாலி கட்டியிருந்தால், அங்கத்தைய சட்டம் தாலியையும் ஏற்பதால், கதை வேறாக இருந்திருக்கலாம். இருந்தாலும் ஒரு கதவு இருக்கிறது. சட்டப்படிதான் கலியாணம் செய்கிறோம் என்று நல்ல மனதோடு நம்பிச் செய்தவர்களுக்கு, பதிவில் குறை இருந்தாலும் சட்டம் இரங்கக் கூடும். அந்தக் கதவு ஒரே ஒரு கேள்வியில் தொங்குகிறது. தாலி ஏறினபோது, சட்டப்படி எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்கள் நம்பினீர்களா?

"நம்பினனான் எண்டு சொன்னால் வீடு எனக்கோ?"

"நான் உங்களுக்கு என்ன சொல்ல வேணும் எண்டு சொல்லேலாது. நீங்க ட்ரூத்தைத்தான் சொல்லணும்" என்றார் சட்டத்தரணி, என்னைக் காத்திராமல் தன் தமிழிலேயே.

அந்தப் பெண் முட்டாள் இல்லை. உடனே கேட்டார். "லைசென்ஸ் எடுக்க ரெண்டு பேரும்தானே போனனாங்கள். எனக்குத் தெரியாது எண்டு நான் சொன்னால், அவர் தெரிஞ்சுகொண்டு என்னை ஏமாத்தினவர் எண்டெல்லோ ஆகும்?"

சட்டத்தரணி தன் குறிப்புத் தாளைத் திருப்பினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் எங்கள் எழுத்துப் பத்திரம் எங்கே என்று புருசனிடம் கேட்டேன். "எந்த எழுத்து? ஏன், விட்டிட்டுப் போகப் போறீரோ?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுமாரியைக் கிளறி, இலங்கை அரசாங்கத்தின் முத்திரையோடு இருந்த அந்தப் பழைய தாளைக் கண்டெடுத்த பிறகுதான் உடுப்பு மாற்றினேன்.

இலையுதிர் காலத்தில், வழக்கு நீதிபதியிடம் போவதற்கு முன்பு, இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகளும் கேள்வி கேட்டுப் பதிவுசெய்கிற நாள் வந்தது. டவுன்ரவுணில் ஒரு கட்டடத்தில் நீள மேசை போட்ட அறை. தட்டச்சுச் செய்ய ஒருவர். எனக்கு ஒரு பக்கத்தில் அந்தப் பெண், மறு பக்கத்தில் அவருடைய சட்டத்தரணி. எதிரே தம்பியும், தம்பியின் சட்டத்தரணியான ஒரு வெள்ளைக்காரரும்.

தம்பியை அன்றுதான் பார்த்தேன். ஒரு வில்லனை எதிர்பார்த்துப் போயிருந்தேன் என்று சொல்ல வேண்டும். வந்திருந்தவர் நரைத்த மீசையும் தூக்கமில்லாத கண்ணும் உள்ள ஒரு சாதாரண மனிதர். அண்ணையின் படத்தைத் தன் போனின் முகப்பில் வைத்திருந்தார், மேசையில் அதைக் கவிழ்த்து வைக்கும்போது கண்டேன். அந்த வீடு அண்ணையும் தானுமாகப் பனியில் வேலைக்குப் போய்வந்து வாங்கின வீடு, நாளைக்கு யாரோ ஒருவரின் கைக்குப் போகக் கூடாது என்பது அவருடைய நியாயம். அதைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார். "அங்கை தெரியிறது சென் ஜேம்ஸ் ரவுண் எல்லோ. வந்த புதுசிலை அக்காவோடை அந்தக் கட்டடத்திலைதான் இருந்தனான். அவர் என்னைப் பாக்க அங்கைதான் வந்தவர்." சாட்சியோடு கதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் விதி. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

உண்மை சொல்வதாக அந்தப் பெண் உறுதி எடுத்தார். வெள்ளைக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். கலியாண நாள், மண்டபம், யார் யார் வந்தார்கள். தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்குச் சபையில் கொண்டு சுற்றியது யார் என்று எங்கள் சட்டத்தரணி, பதிவில் ஏறட்டும் என்று இடையில் கேட்டார்.

"தம்பிதான்" என்றார் அந்தப் பெண். தம்பி மேசையைப் பார்த்தார்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. தாலி கட்டின அன்று, ஒன்ராறியோ சட்டப்படி கலியாணம் இன்னும் பூர்த்தியாகவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா?

நான் தமிழில் சொன்னேன். மிகச் சரியாகச் சொன்னேன். என் வேலை வாழ்க்கையில் ஒரு கேள்வியை அவ்வளவு சரியாகச் சொல்ல விருப்பமில்லாமல் இருந்தது அன்றுதான்.

அவர் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். வெறும் கழுத்து. "ஓம், தெரியும். எழுத்து அடுத்த கிழமை எண்டு ரெண்டு பேருக்கும் தெரியும். அவர் என்னட்டை ஒண்டையும் ஒளிக்கேல்லை."

ஆம், எனக்குத் தெரியும் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தட்டச்சுச் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்துச் சட்டத்தரணிப் பிள்ளை பேனையை மூடி வைத்தார்.

வெள்ளைக்காரர் விடவில்லை. அப்படியென்றால் ஏன் பதியவில்லை, வேண்டாமென்று யாராவது சொன்னார்களா என்று கேட்டார். தன்னுடைய ஆளே சொன்னவர் என்பது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். எதிரே தம்பி நிமிர்ந்து பார்த்தார். பயந்த முகம். அவருடைய பெயரை ஒரு தரம் அந்தப் பெண் சொல்லியிருந்தால், வீடு திரும்பி வந்திருக்காது, ஆனால் அந்த அறையில் அவர் தலை நிமிர்த்தியிருக்க முடியாது. சொல்லு, சொல்லு என்று மனதுக்குள் நான் கத்திக்கொண்டிருந்தேன்.

"மாமி செத்த துடக்கு. எல்லாருமாச் சேர்ந்துதான் முடிவெடுத்தது" என்றார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார். "அவர் செத்த அண்டைக்கு என்னை இருத்தித் தாலியைக் கழட்டேக்கை, எழுத்து இருக்கோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

என் தாலியைக் கழற்றியபோது யாரும் என்னிடம் பத்திரம் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி சாட்சியிடம் சொல்லுங்கள் என்றார் வெள்ளைக்காரர். அதையும் தமிழில் சொன்னேன்.

எல்லாம் முடிந்து கோட்டுகளைப் போட்டுக்கொண்டு லிஃப்ட்டுக்கு நின்றோம். தம்பியும் வந்தார். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து, செருமிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணி."

நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

"அண்ணி, அண்ணையின்ரை ஆட்டைத் திவசம் தையிலை வருது. வீட்டிலைதானே செய்யவேணும். ஐயரோடை நான் கதைச்சிட்டன். சமையல்... நீங்கள்தானே சமைக்கவேணும். அண்ணைக்கு உங்கடை கைப் பக்குவம்தான்..."

சத்தியமாக அவர் நக்கலுக்குச் சொல்லவில்லை. முகத்தில் கள்ளம் இல்லை. கொஞ்சத்துக்கு முன்பு உள்ளே, இந்தப் பெண் தன் அண்ணைக்கு மனைவி அல்ல என்று நிரூபித்துவிட்டு வந்தவர், வெளியே அதே வாயால், அதே அண்ணைக்கு மனைவியாக நின்று படையல் சமைக்கச் சொல்லிக் கேட்கிறார். இரண்டும் அவருக்கு வேறு வேறு காரியம். ஒன்று லோயரோடு செய்வது, மற்றது ஐயரோடு செய்வது.

அந்தப் பெண் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டார். "எழுத்து இல்லாதவள் சமைச்சால் அண்ணை சாப்பிடுவாரோ, தம்பி?"

லிஃப்ட் வந்தது. தம்பி ஏறவில்லை. கீழே இறங்கும்போது எங்கள் சட்டத்தரணிப் பிள்ளை, அவ கடைசியா என்ன சொன்னவ என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். சொன்னேன். சொல் ஒவ்வொன்றும் சரியாகத்தான் வந்தது. பிள்ளை மரியாதைக்குத் தலையாட்டினார்.

வழக்கு நீதிபதியிடம் போகவில்லை. அப்படியும் வெல்லலாம், வேறு வழிகளும் இருக்கின்றன, ஆனால் காலம் எடுக்கும், எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டி வரும் என்று சட்டத்தரணி சொன்னார். இன்னொரு தரம் சத்தியம் பண்ண மாட்டேன் என்றுவிட்டார் அந்தப் பெண். இரண்டு பக்கமும் சமரசத்துக்கு வந்தன. அவருக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்தது. வீடு தம்பிக்கு. கையெழுத்துப் போட்ட அன்றும் நான்தான் போனேன். அந்தக் காகிதத்தில் அவர் பெயருக்கு முன்னால் மனைவி என்று எங்கேயும் இல்லை. வாசித்துச் சொல்லச் சொன்னார், வாசித்தேன்.

அந்தத் தையில், ஒரு சனிக்கிழமை, ஸ்காபரோவில் தமிழ்க்கடையில் அவரைக் கண்டேன். கூடைக்குள் வாழைக்காய், பூசணி, கருணைக்கிழங்கு, தயிர், வாழையிலைக் கட்டு. திவசத்துச் சாமான் எனக்குத் தெரியாதா? வேலைக்கு வெளியே கட்சிக்காரரோடு கதைக்கக் கூடாதுதான். அன்றைக்கு விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அப்ப சமைக்கப் போறீங்களோ என்று கேட்டேன். எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. அவ்வளவு நடந்த பிறகும் அந்த வீட்டுக்குப் போய் அடுப்படியில் நிற்கப் போகிறாரா?

"அங்கை இல்லை அக்கா" என்றார். "டோர்செட் பார்க்கிலை ஒரு அப்பார்ட்மென்ட் எடுத்திருக்கிறன். மேல் மாடி. ஒரு அறைதான். தம்பியவை அந்த வீட்டிலை கேற்றரிங்குக்குச் சொல்லிச் செய்யினம். ஐயரும் அங்கைதான். ரெண்டு இடத்திலை செய்யக் கூடாதாம் எண்டு என்னட்டை வரமாட்டன் எண்டிட்டார்."

"ஐயர் இல்லாமல் எப்பிடி?"

"சமைச்சு இலையிலை படைக்கிறதுக்கு ஐயர் என்னத்துக்கு? அதே நாள், அதே நேரம், நானும் இலை போடுறன்." வாழைக்காய் ஒன்றை எடுத்து, பழுது பார்த்து, திருப்பி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அந்த ஆண்டு முழுக்க நான் அவர் முகத்தில் காணாத ஒரு பிடிவாதம் அப்போது தெரிந்தது.

"அண்டைக்கு அவர் எந்த வீட்டுக்குச் சாப்பிட வாறார் எண்டு பாப்பம்."